குடிப்பழக்கமும் உணர்ச்சிகளை ஆளும் திறமும்

குடியினால் விளையும் கேடுகளைப் பற்றிப் பேசப்படாத மேடை நம் நாட்டில் இல்லை. வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். மதுவிலக்கைக் கொண்டுவர முயல்வது அரசின் கடமை என்று நம் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவு கூறுகிறது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் சேலம் மாவட்டத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிற்று, 1971-இல் தளர்த்தப்பட்டது, 1974-இல் மீண்டும் வந்து, 1981-இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. சட்டம் எந்நிலையில் இருந்தபோதிலும், கிராமங்களில் ஒரு கேள்வி மட்டும் மாறாமல் இருந்து வருகிறது. கேடு என்று நன்கு அறிந்த ஒருவர் மீண்டும் மீண்டும் ஏன் குடிக்கிறார்?

அறியாமையால் குடிக்கிறார் என்று சொல்வதற்கில்லை. குடியின் தீமையைக் குடிப்பவரைப் போல் விரித்துரைக்கக் கூடியவர் வேறெவரும் இலர். மனவுறுதி இல்லாமையால் குடிக்கிறார் என்பது அடுத்துக் கூறப்படும் விடை. இதுவும் முழு உண்மையன்று. சபரிமலைக்கு மாலை அணிந்தவர்களை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். பல ஆண்டுகளாக அன்றாடம் குடித்து வந்த ஒருவர், மாலை அணிந்த நாள் முதல் ஒரு மண்டலக் காலம் மதுவைத் தொடாமல் இருக்கிறார், விடியற்காலையில் குளிர்ந்த நீரில் குளிக்கிறார், வெறுங்காலுடன் நடக்கிறார். மனவுறுதி இல்லாதவரால் இவை இயலுமா? ஆயினும், மாலையைக் கழற்றிய சில நாட்களிலேயே அவர்களுள் பலர் பழைய வழிக்குத் திரும்பி விடுகின்றனர். உறுதி இருந்தும் மீண்டும் விழுவது எதனால் என்பதே நாம் ஆராய வேண்டிய பொருளாகும்.

மனநல அறிஞர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் இதற்கு இரண்டு காரணங்களைத் தெளிவாக எடுத்துக் காட்டியுள்ளனர். உள்ளத்தில் எழும் உணர்ச்சியை ஆளத் தெரியாமை ஒன்று; உந்துதல் எழுந்தவுடன் பின்விளைவை எண்ணாது செயலில் இறங்கும் இயல்பு மற்றொன்று. இவ்விரண்டும் ஒருவரிடம் சேர்ந்திருக்குமாயின், குடி அவருக்குப் பெருந்தீங்காக முடியும் வாய்ப்பு மிகுதி.

உணர்ச்சியை ஆளுதல்

உணர்ச்சியை ஆளுதல் என்பது உணர்ச்சியே இல்லாதிருத்தல் அன்று. ஏரியில் நீர் இருக்கத்தான் வேண்டும். மதகு, நீரை வேண்டிய அளவில் வெளியே விடுகிறது, மிகுதியான நீர் கலிங்கு வழியே ஓடிவிடுகிறது, கரை காப்பாற்றப்படுகிறது. கோபம், துயரம், அச்சம், வெட்கம் முதலியன எல்லார் உள்ளத்திலும் பெருகுவனவே. மதகும் கலிங்கும் அமையாத உள்ளத்தில் அவை கரையை மோதுகின்றன. அப்போது அதனைத் தணிக்க ஒருவருக்குத் தெரிந்த வழி மது ஒன்றே என்றால், அவர் கரையை வெட்டி நீரை வடிக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

அமெரிக்க உளவியல் அறிஞர்களான கிராட்ஸ், ரோமர் என்னும் இருவர் 2004-ஆம் ஆண்டில் இக்குறையை ஆறு கூறுகளாகப் பிரித்துக் காட்டினர். உள்ளத்தில் ஏதோ நிகழ்கிறது என்பதைக் கவனியாமை, அது இன்ன உணர்ச்சி என்று தெளியாமை, அவ்வுணர்ச்சி எழுந்ததையே இழுக்கென வெறுத்தல், அந்நேரத்தில் செய்ய வேண்டிய வேலையில் மனம் செலுத்த இயலாமை, கையையும் நாவையும் அடக்க இயலாமை, தணிக்கும் வழி ஒன்றும் இல்லை என்று நம்பி விடுதல் ஆகியவை அவ்வாறு கூறுகள்.

இவற்றுள் இரண்டாவதை நம் கிராமங்களில் எளிதாகக் காணலாம். ஆண்மகன் அழலாகாது, அஞ்சலாகாது என்றே நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம். விளைந்த நெல்லை எதிர்பார்த்ததற்கும் குறைந்த விலைக்கு விற்று வரும் உழவரிடம், "மனம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், "உடம்பெல்லாம் வலி" என்றே விடை வரும். அவர் உள்ளத்தில் இருப்பது கடன்காரரைப் பற்றிய அச்சம்; மனைவி மக்களின் முகத்தில் விழிக்க வெட்கம். அவற்றுக்கு அவரிடம் சொல் இல்லை. சொல் இல்லாத துன்பத்தை உடல்வலி என்றே அவர் அறிகிறார். உடல்வலிக்கு ஊரார் கூறும் மருந்தோ மது.

உந்துதலுக்கு ஆட்படுதல்

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது நம் பழமொழி. பதறிச் செய்யும் இயல்பு ஒரே வகையானதன்று என்பதை வைட்சைடு, லினம் என்னும் அறிஞர்கள் 2001-இல் விளக்கினர். எண்ணிப் பாராமல் தொடங்குதல் ஒரு வகை. தொடங்கியதை முடிக்காமல் விடுதல் மற்றொரு வகை. புதிய கிளர்ச்சியை நாடிச் செல்லுதல் இன்னொரு வகை. மனம் வருந்தும்போது மட்டும் நிலை தவறிச் செயலில் இறங்குதல் நான்காவது வகை. மனம் மிக மகிழும்போதும் அவ்வாறே நிலை தவறுவோர் உளர் என்பது பின்வந்த ஆராய்ச்சிகளில் புலனாயிற்று.

கிளர்ச்சியை நாடுபவர் மிகுதியாகக் குடிக்கக் கூடும். ஆனால் குடியினால் சண்டை, கடன், விபத்து, வேலையிழப்பு முதலிய தொல்லைகளில் அகப்படுவோரிடம், உணர்ச்சி மேலிடும்போது பதறும் இயல்பே சிறப்பாகக் காணப்படுகிறது. மற்ற நேரங்களில் இவர்கள் நிதானமானவர்களே. விதை வாங்கும்போது பத்துக் கடை ஏறி விலை கேட்பவர், மைத்துனர் சொன்ன ஒரு சொல்லுக்காக இரவில் எழுந்து சாராயத்தைத் தேடிச் செல்கிறார். ஊராரும், "நல்ல மனிதர்தான், அந்த நேரத்தில் மட்டும் என்ன வருகிறதோ தெரியவில்லை" என்கின்றனர். அந்த நேரமே நோய் இருக்கும் இடம் என்பதை நாம் உணர வேண்டும்.

துயரம் மட்டுமே வாயில் என்று எண்ணிவிடலாகாது. சந்தையில் மாடு நல்ல விலைக்குப் போயிற்று. கபடிப் போட்டியில் ஊர் வென்றது. திருவிழாவில் தேர் நிலைக்கு வந்தது. இம்மகிழ்ச்சியும் சிலரை அதே வழியில் இட்டுச் செல்கிறது.

மது வேரை வளர்க்கும் விதம்

மது முதலில் மன இறுக்கத்தைத் தளர்த்துவது உண்மையே. அதனால்தான் அது மருந்து போலத் தோன்றுகிறது. ஆனால் அதே நேரத்தில், "பொறு, எண்ணிச் செய்" என்று தடுக்கும் மூளையின் முன்பகுதியையும் அது தளர்த்துகிறது. குடித்தவருக்கு அருகில் உள்ளது மட்டும் பெரிதாகத் தெரியும்; தொலைவில் உள்ளது மறைந்துவிடும். ஸ்டீல், ஜோசப்ஸ் என்னும் அறிஞர்கள் 1990-இல் இதனைக் கிட்டப்பார்வைக்கு ஒப்பிட்டனர். எதிரில் நிற்பவர் கூறிய வசைச்சொல் தெரிகிறது. நாளை வரப்போகும் வழக்கும் வீட்டில் அஞ்சி நிற்கும் குழந்தையும் தெரிவதில்லை.

தினமும் மதுவைப் பெறும் மூளை, அதன் மந்தத்தைச் சரிக்கட்டுவதற்காகத் தானே பரபரப்பைக் கூட்டிக் கொள்கிறது. மது இறங்கியதும் அப்பரபரப்பு மட்டும் எஞ்சி நிற்கும். உறக்கம் பாதியில் கலைகிறது. காலையில் காரணமில்லாத எரிச்சலும் அச்சமும் உண்டாகின்றன. அவற்றைத் தணிக்க மீண்டும் மது தேவைப்படுகிறது. கவலைக்காகக் குடித்தவர் இப்போது குடியினால் வந்த கவலைக்காகவும் குடிக்கிறார். துன்பத்தைப் பொறுக்கும் வேறு வழிகளைப் பழகுவதற்கு இச்சுழலில் அவருக்கு இடமே கிடைப்பதில்லை.

மாலையைக் கழற்றிய பின்

விரதம் இருந்த நாட்களில் துணை நின்றவை எவை என்று பார்ப்போம். உறங்கும் நேரமும் உண்ணும் நேரமும் ஒழுங்காயின. மாலையில் பஜனைக்குச் செல்லும் கூட்டம் கிடைத்தது. "சாமி" என்று எல்லாரும் அழைத்ததால் வசைச்சொல் காதில் விழவில்லை. தாமும் கடிந்து பேசவில்லை. பழைய நண்பர்கள் குவளையை நீட்டவில்லை. விரதம் முடிந்த அன்றே இத்துணைகள் யாவும் விலகின. கடனும் பங்காளிச் சண்டையும் அப்படியே காத்திருந்தன. அவற்றை மது இல்லாமல் எதிர்கொள்வது எப்படி என்பதை அந்த நாட்களில் எவரும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆலன் மார்லட் என்னும் அறிஞர், குடி, புகை முதலிய பழக்கங்களை விட்டு மீண்டும் தொடங்கியவர்களை ஆராய்ந்தார். அந்நிகழ்ச்சிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, மனத்துன்பம், பிறரோடு பிணக்கு, கூடியிருப்போரின் வற்புறுத்தல் என்னும் மூன்றனுள் அடங்கின. மற்றோர் உண்மையையும் அவர் கண்டார். ஒரு நாள் தவறிய மனிதர், "எல்லாம் போயிற்று, நான் உருப்படமாட்டேன்" என்று தம்மையே வெறுக்கும்போது, அவ்வெறுப்பே அவரை முழுக் குடிக்குள் தள்ளிவிடுகிறது. ஆகவே, சறுக்கியவரை ஊர் நடுவில் வைத்து இகழ்வது அவருக்கு மருந்தாகாது. அடுத்த குவளைக்கு அது காரணமாகும்.

கோவாவில் கண்ட பயன்

இத்திறத்தைக் கற்பிக்க இயலுமா, அதுவும் பெரிய மருத்துவர் இல்லாத கிராமத்தில் இயலுமா என்று கேட்கலாம். கோவா மாநிலத்தில் இதற்கு விடை கிடைத்துள்ளது. விக்ரம் படேல், அபிஜித் நாட்கர்ணி முதலிய மருத்துவர்கள் அங்குள்ள 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில், தீங்கு தரும் அளவில் குடித்துவந்த 377 ஆடவரைக் கொண்டு ஓர் ஆராய்ச்சி நடத்தினர். அவர்களுள் ஒரு பாதியினருக்கு வழக்கமான மருத்துவ உதவி மட்டும் அளிக்கப்பட்டது. மற்றப் பாதியினருக்கு அதனோடு, அதிகமாகப் போனால் நான்கு முறை, ஆலோசனையும் வழங்கப்பட்டது. வழங்கியவர்கள் மனநல மருத்துவர்கள் அல்லர். அப்பகுதியிலேயே தேர்ந்து பயிற்சி அளிக்கப்பட்ட சாதாரண மக்கள். குடிக்கும் ஆசை எழும்போது அதனைக் கடத்துவது, துன்ப உணர்ச்சியைக் கையாளுவது, நண்பர் நீட்டும் மதுவை மறுப்பது, வாழ்க்கைச் சிக்கலைப் படிப்படியாகத் தீர்ப்பது ஆகியவற்றை அவர்கள் கற்பித்தனர். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, தீங்கான குடியிலிருந்து மீண்டவர் ஆலோசனை பெற்றோரில் நூற்றுக்கு 36 பேர். பெறாதோரில் 26 பேர். ஓராண்டு கழிந்தபின் இவ்வெண்கள் 54 எனவும் 32 எனவும் இருந்தன. இம்முடிவுகள் 2017-ஆம் ஆண்டில் வெளியாயின.

உணர்ச்சியை ஆளுதல் பிறவியோடு வரும் வரமன்று. ஏர் பிடிப்பதைப் போலப் பழகிப் பெறும் திறமாகும் என்பதற்கு இது சான்று.

பழகத் தக்க ஐந்து வழிகள்

ஜேம்ஸ் கிராஸ் என்னும் அறிஞர் 1998-இல், உணர்ச்சியைத் தடுத்தாளும் இடங்கள் ஐந்து என வகுத்தார். அவற்றை நம் வாழ்க்கைக்கு ஏற்பக் கூறுவோம்.

முதலாவது, இடத்தைத் தேர்ந்து கொள்ளுதல். நெல் விற்ற நாளில் கையில் முழுப் பணத்துடன் கடைத்தெரு வழியே வருதல் கூடாது. பணம் வங்கிக் கணக்கில் சேரட்டும். வீட்டிற்கு வேறு வழியே வரலாம்.

இரண்டாவது, இருக்கும் நிலைமையை மாற்றுதல். வீட்டில் மதுவை வைத்திருத்தல் ஆகாது. பசியோடு பேச்சுவார்த்தைக்கு அமரலாகாது. பங்காளிப் பேச்சை இரவில் எடுக்காமல் காலைக்கு ஒத்திப் போடலாம்.

மூன்றாவது, கவனத்தைத் திருப்புதல். குளித்தல், மாட்டுக்குத் தண்ணீர் காட்டுதல், வரப்பைச் சுற்றி வருதல் போன்ற உடல் வேலைகள் இதற்கு ஏற்றவை.

நான்காவது, எண்ணத்தை மாற்றிப் பார்த்தல். "என்னை அவமதித்தான்" என்னும் எண்ணத்திற்குப் பதில், "அவனுக்கு என்ன நெருக்கடியோ" என்று ஒருமுறை எண்ணிப் பார்த்தாலும் கோபத்தின் வேகம் குறையும்.

ஐந்தாவது, எழுந்துவிட்ட உணர்ச்சியைப் பொறுத்துக் கடத்தல். குடிக்கும் ஆசை அலை போன்றது. அது ஏறும், உச்சியை அடையும், பின் தானே இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்திற்குள் அதன் கடுமை தணிந்துவிடும். அதுவரை மெதுவாக மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, அது எழுவதையும் தணிவதையும் கவனித்திருத்தல் வேண்டும்.

மதகின் கதவை முன்னரே இறக்குவது எளிது. கரை உடைந்தபின் அடைப்பது கடினம். அதுபோலவே முதல் இரண்டு வழிகள் எளியன. கடைசி வழி மிகுந்த பயிற்சி வேண்டுவது. எழுந்த நேரத்தில் யோசிக்க இயலாது ஆதலால், "இன்னது நேர்ந்தால் இன்னது செய்வேன்" என்று முன்னரே உறுதி செய்து வைத்தல் நன்று. "மாமன் கடனைப் பற்றிப் பேசினால், பதில் சொல்லாமல் கிணற்றடிக்குப் போவேன்" என்பது போல அது திட்டமாக இருக்க வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கையும் பெரிய பகைவராகக் கருதும்படி, குடியை விட்டோர் சங்கங்களில் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கின்றனர். 1935-இல் அமெரிக்காவில் தோன்றிய அச்சங்கத்தின் கூட்டங்கள் நம் மாநிலத்திலும் நடைபெறுகின்றன.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

உந்துதலுக்கும் செயலுக்கும் இடையே உள்ள நேரத்தை நீட்டுவதே நோக்கம் என்று கொண்டால், ஊர் செய்யக் கூடியவை பல உள்ளன.

மாலை நேரத்தில் கூடுவதற்கு இடம் வேண்டும். நூலகம், விளையாட்டுத் திடல், பஜனை மடம் எதுவாயினும் விளக்கெரியும்படி திறந்து வைத்திருந்தால், வேலை முடிந்து களைத்து வரும் இளைஞருக்குக் கடைத்தெருவைத் தவிர வேறு போக்கிடம் உண்டாகும். இறப்பு வீட்டிலும் திருவிழாவிலும் மது வழங்கும் வழக்கத்தைக் கிராம சபையில் பேசி, ஊரார் இசைவோடு நிறுத்தலாம். குடித்திருப்பவரைப் பஞ்சாயத்தில் நிறுத்தி அப்போதே வழக்கு விசாரித்தல் கூடாது. தெளிந்த பின் காலையில் விசாரித்தல் முறை. ஆனால், வீட்டில் பெண்டிரையோ குழந்தைகளையோ அடிக்கும் செய்தி வந்தால், "குடிபோதையில் செய்தது" என்று மன்னித்துவிடலாகாது. முதற்கண் அவர்களுக்குப் பாதுகாப்புத் தேட வேண்டும்.

பூச்சிமருந்தைப் பற்றியும் ஒரு சொல். குடி, ஆத்திரம், கைக்கெட்டும் நஞ்சு மூன்றும் ஒரே இரவில் சேர்ந்து, சில நிமிடப் பதற்றத்தில் போன உயிர்கள் நம் கிராமங்களில் பல. சென்னையிலுள்ள சினேகா தொண்டு நிறுவனத்தார், கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், உழவர்கள் தத்தம் பூச்சிமருந்தைப் பொதுக் கட்டடத்தில் உள்ள பூட்டுப் பெட்டிகளில் வைத்து, வேண்டும்போது எடுத்துச் செல்லும் முறையை நடத்திக் காட்டினர். ஒரு பூட்டும் ஒரு தெருத் தொலைவும் உயிரைக் காக்கப் போதிய நேரத்தைத் தரக் கூடும். இம்முறையை எந்த ஊராட்சியும் பின்பற்றலாம்.

மருத்துவ உதவி

நெடுங்காலம் மிகுதியாகக் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தும்போது கைநடுக்கம், வியர்வை, உறக்கமின்மை உண்டாகும். சிலருக்கு முதல் இரண்டு நாட்களில் வலிப்பும், அதன்பின் மனக்குழப்பமும் இல்லாத உருவங்களைக் காணுதலும் நேரலாம். இஃது உயிருக்கே ஆபத்தானது. எனவே இத்தகையோரை வீட்டில் அடைத்து வைக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மருத்துவர் மேற்பார்வையில் மருந்தும் வைட்டமின் சத்தும் பெற்று நிறுத்துவதே பாதுகாப்பான முறை.

சென்னையில் 1980-இல் சாந்தி ரங்கநாதன் அம்மையார் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையார், நகரத்திற்கு வர இயலாத ஏழைகளுக்காகத் திருவாரூர் மாவட்டம் மஞ்சக்குடி போன்ற கிராமங்களிலேயே முகாம் அமைத்துச் சிகிச்சை அளித்தனர். ஊராரே இடமும் ஆதரவும் தந்த முகாம்கள் அவை. ஆனால் 2019-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நம் நாட்டில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் உதவி பெற்றிருந்தனர். எஞ்சியோருக்கு வழி காட்டுதல் பஞ்சாயத்து உறுப்பினர்களின் கடமை. 14446 என்னும் போதை ஒழிப்பு உதவி எண்ணையும், 14416 என்னும் மனநல உதவி எண்ணையும் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைக்கலாம். இரண்டும் கட்டணமின்றிப் பேசக் கூடியவை.

பள்ளிப் பிள்ளைகளையும் மறத்தல் கூடாது. அழும் சிறுவனை "ஆண்பிள்ளை அழலாமா?" என்று அடக்காமல், "என்ன வருத்தம், சொல்" என்று கேட்டுப் பழகினால், பின்னாளில் தன் துயரத்தைச் சொல்லி ஆற்றிக் கொள்ளும் திறம் அவனுக்கு வந்து சேரும்.

குடிப்பவரைத் திருத்துவதற்கு அறிவுரை கூறுவோர் நம் ஊர்களில் குறைவின்றி உளர். அவருடைய கடினமான அந்த அரை மணி நேரத்தில் அருகில் இருந்து, "வாரும், வயல் வரை போய் வருவோம்" என்று அழைப்பவரே அரியர். ஒவ்வொரு பஞ்சாயத்திலும் அத்தகையவர் இருவர் மூவர் முன்வந்து, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தின் துணையோடு இப்பணியைத் தொடங்குவார்களாயின், பல குடும்பங்களின் அடுப்பு அணையாமல் எரியும்.